செலண்டார்க் காட்டில் அத்தான் தொடர்ந்த காகிதம்

நான் மலாக்காவிலிருந்து ஊர் திரும்புவதற்கு முன்பே என் பயணத்தின் கதை ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாளையங்கோட்டையில் என்னைக் கண்டவர்களுள் ஒருவர் புலியைப் பற்றிக் கேட்டார். ஒருவர் சீனத்து ஆவியைப் பற்றிக் கேட்டார். நான் பாடம் நடத்தும் கல்லூரியின் நூலகர், நான் என் அத்தானைத் தோளில் சுமந்து காட்டைக் கடந்தமைக்காகக் கைகுலுக்கிப் பாராட்டினார். புலியை நான் காணவில்லை. ஒரு மூட்டை அரிசியைக்கூடச் சுமந்து நடக்க என்னால் இயலாது. ஆகவே, நான் கண்ணால் கண்டவற்றையும், அங்கிருந்தவர் இருவரேனும் ஒத்துச் சொன்னவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதை எழுத நேரும் இடத்தில், அவர் சொன்னார் என்றே எழுதுவேன். சுவை குறையலாம். ஆனால் இதில் வரும் மனிதர் என் அக்காளின் கணவர். அவரைப் பற்றிச் சுவைக்காக ஒரு சொல்லைக் கூட்டவும் எனக்கு மனம் இல்லை.

அக்காள் வடிவு மணமாகி மலாக்காவிலுள்ள ஜாசின் நகருக்குச் சென்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அத்தான் மாணிக்கம் அந்நகருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். இப்போது ஒரு லாரி நிறுவனத்தின் அலுவலகத்தில் எழுத்தர். ஐம்பதைக் கடந்தவர். நாம் சர்க்கரை நோய் என்பதை அங்குள்ளோர் இனிப்புநீர் என்கின்றனர்; அது அவருக்குச் சில ஆண்டுகளாக உண்டு.

தொலைபேசியில் அக்காள் முதலில் அழுதாள், பிறகுதான் பேசினாள். அங்குள்ளோரைப்போல் பேச்சின் கடைசியில் ‘லா’ சேர்ப்பது அவளுக்கும் பழகிவிட்டது.

“தம்பி, ஒங்க அத்தான் காட்டுக்குள்ள ஓடுறாருடா. மாத்திரை போடுற மனுசன் மைல் கணக்கா ஓடலாமா? நான் சொன்னா சிரிக்கிறாரு. நீயும் ஓடுறவன்தானே, நீ வந்து சொன்னா கேப்பாரு. கோடை லீவுதானே, வாலா.”

நான் ஊரில் ஆற்றங்கரைச் சாலையில் விடியலில் ஓடுபவன். பந்தயத்தில் ஓடியதில்லை, எவரும் துரத்தியதும் இல்லை. அந்தச் சிறு தகுதியே என்னைக் கடல் கடக்க வைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசியில் அங்குப் போய் இறங்கினேன்.

முதல் நாள், மலாக்கா நகரிலிருந்து ஜாசினுக்குப் பேருந்து. பாதி வழியில் மழை அறைந்தது. முன்கண்ணாடியைத் துடைக்கும் கை இயங்கவில்லை. நடத்துநர் கதவில் தொங்கியவாறு ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஓட்டுநர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் சாலையோரம் டுரியான் பழக்கடை ஒன்று தென்பட்டதும் வண்டியை நிறுத்திவிட்டார். பயணிகள் பாதிப்பேர் இறங்கிப் பழத்தைப் பிளந்து நின்றவாறே தின்றனர். எனக்கோ அக்காள் நிலையத்தில் காத்திருப்பாளே என்ற கவலை. அருகிலிருந்த தமிழ்ப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னா அண்ணே, பஸ்ஸு நம்மள விட்டுட்டா போவும்? டிரைவரே தின்னுட்டு இருக்காரு.” நானும் இறங்கினேன். ஒரு சுளை தின்றேன். அதன் மணம் என் சட்டையில் மறுநாள்வரை நின்றது.

ஜாசினில் அக்காள் குடையோடு நின்றாள். என்னைக் கட்டிக்கொண்டவள் முதலில் கேட்டது, “அவருகிட்ட எப்போ பேசுவ?” என்பதே.

இரண்டாம் நாள் காலை, அத்தான் என்னைப் பசார் எனப்படும் சந்தை அருகிலிருந்த ஒரு முசுலிம் உணவுக் கடைக்கு அழைத்துப் போனார். ரொட்டி சானாய் என்பது நம் பரோட்டாவுக்கு உறவு. ஆனால் மெலிந்தது, சதுரமானது, பருப்புக் குழம்போடு வருவது. அத்தான் இரண்டு தின்றார், சர்க்கரையில்லாத தேநீரைக் குடித்துவிட்டு, “பாத்தியா மச்சான், சீனி போடாமத்தான் குடிக்கிறேன். ஒன் அக்காகிட்ட தேத்தண்ணிய மட்டும் சொல்லு, ரொட்டியச் சொல்லாத” என்றார்.

நான் வந்த காரியத்தைப் பேசத் தொடங்கினேன். அவர் கையுயர்த்தித் தடுத்தார்.

“தெரியும். வந்த ஒடனே தெரியும். இங்க பாரு, வீட்டுல சோத்த அளக்குறா. ஆபீஸ்ல மொதலாளி நேரத்த அளக்குறாரு. ஆஸ்பத்திரியில ரத்தத்த அளக்குறாங்க. காட்டுல ஓடுறப்போ எவனும் என்னைய அளக்குறதில்லலா. சனிக்கெழம நீயும் வா. ஓடிப் பாரு. பொறவு சொல்லு, நிறுத்துறேன்.”

இதை அக்காளிடம் சொன்னபோது அவள் என்னை வைது தீர்த்தாள். “நிறுத்தச் சொல்லுன்னு கூப்புட்டா, நீயும் சேந்து ஓடப் போறியா? நல்ல தூது!” ஆனால் என் காலணிகளை அவளே தேடி எடுத்து வைத்தாள். நான் உடன் போனால் அவருக்கு ஒரு காவல் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

இனி, அவ்வோட்டத்தின் முறையைச் சொல்லிவிட வேண்டும். பின்னர் நிகழ்ந்தது அதை அறியாதார்க்கு விளங்காது. அத்தான் சேர்ந்திருந்த ஓட்டக் குழுவில் வாரத்துக்கு ஒருவர் முன்னோடி. அவர் கிழித்த காகிதத்தைப் பையில் நிறைத்துக்கொண்டு, ரப்பர்த் தோட்டம், எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம், அவற்றுக்கிடையே மண்டிக் கிடக்கும் காடு ஆகியவற்றினூடே நடந்து, கைப்பிடி கைப்பிடியாகத் தூவி ஒரு தடம் அமைப்பார். மாலையில் மற்றவர் அத்தடத்தைப் பற்றி ஓடுவர். சில இடங்களில் முன்னோடி காகிதத்தால் ஒரு வட்டம் இடுவார். அவ்வட்டத்தோடு தடம் அறுந்துவிடும். அடுத்த காகிதம் எத்திசையில் இருக்கிறது என்று முன்னே ஓடுபவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்து தேட வேண்டும். கண்டவர், தடம் தொடர்கிறது என்னும் பொருளில், “ஆன்! ஆன்!” என்று உரக்கக் கூவுவார், கூவியவர் நிற்கலாகாது, முன்னே ஓடிக்கொண்டே கூவ வேண்டும். ஏனையோர் அக்குரலைத் தொடர்வர். தடம் தேடி அலைவதில் விரைந்தோடுபவர் களைத்துப்போக, பின்தங்குபவர் வந்து சேர்ந்துகொள்வர். நல்ல ஏற்பாடுதான், குரல் கேட்கும்வரையில்.

சனிக்கிழமை நண்பகல், அக்காள் அளந்து வைத்த சோற்றில் பாதியை அத்தான் மிச்சம் வைத்தார். ஓடப்போகும் வயிறு இலேசாக இருக்க வேண்டும் என்றார். மாத்திரையை மறக்காமல் விழுங்கினார். இரண்டையும் நான் பார்த்தேன்.

செலண்டார் என்னும் சிற்றூரைக் கடந்து ஒரு பழைய தோட்டத்தின் செம்மண் சாலையில் கார்கள் வரிசையாக நின்றன. தமிழர், சீனர், மலாய்க்காரர் எனப் பலர்; பலருக்கும் தொந்தி இருந்தது எனக்கு ஆறுதலளித்தது. அன்றைய முன்னோடி பாலன். நகரில் மின்பொருள் பழுது பார்ப்பவர், அத்தானைவிட இளையவர். அவர் என்னைப் பார்த்ததும், “வாத்தியாரே, இன்னைக்குத் தடம் ஈசிதான். அட்டை மட்டும் கொஞ்சம் கடிக்கும். ஆனா படிச்ச ரத்தம்னா அதுக்கும் பிடிக்காது” என்றார். எல்லாரும் சிரித்தனர். லிம் என்னும் சீன நண்பர் சிரிப்பில் சேர்ந்துகொண்டார். தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் மகன். கடைக்கு வந்தவர்களிடம் பழகியே தமிழ் கற்றவர். “நான் ஓட மாட்டேன், நடப்பேன். நீங்க எங்கூட வாங்க, செத்துப் போவ மாட்டீங்க” என்றார்.

அத்தானோ முதல் வரிசையில் போய் நின்றுவிட்டார். சீழ்க்கை ஒலித்ததும் இளைஞரோடு இளைஞராக மரங்களுக்குள் மறைந்தார். காவல் காக்க வந்த நான் அவர் முதுகைப் பார்த்தது அவ்வளவே.

ரப்பர் மரங்களுக்கிடையே ஓடுவது எனக்குப் புதிது. நேர்நேராக நட்ட மரங்கள். எப்பக்கம் திரும்பினும் ஒரே காட்சி. ஆற்றங்கரையில் ஆறு எப்போதும் என் இடப்பக்கம் இருக்கும், திரும்பும்போது வலப்பக்கம் இருக்கும். வழி தவற இடமேயில்லை. இங்கு நூறடி ஓடிவிட்டுத் திரும்பினால் வந்த வழி தெரியவில்லை. தோட்டம் முடிந்து காடு தொடங்கியது. சேறு காலணியைக் கவ்வி இழுத்தது. கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்க்கத் துணியவில்லை. முன்னால் எங்கோ “ஆன்! ஆன்!” என்று கேட்கும்போதெல்லாம் அத்தான் குரலா என்று செவி கொடுத்தேன்.

ஓரிடத்தில் கூரை இடிந்த ஒரு பழைய புகைக்கூடம் நின்றது. முன்னாளில் ரப்பர்ப் பாலின் தகடுகளை உலர்த்திய இடம். அங்கே காகித வட்டம். அதிலிருந்து வழி இரண்டாகப் பிரிந்தது. பின்தங்கிய நானும் லிம்மும் அதை அடைவதற்குச் சற்று முன்னரே மழை வந்துவிட்டது. இலைகளின்மேல் அது விழுந்த ஓசையில் லிம் என் காதருகே கத்தியதும் எனக்குக் கேட்கவில்லை. எங்களுக்கு முன் சென்றவர்கள் வலப்பக்கம் கிளையை ஒடித்து அம்புபோல் வைத்திருந்தனர். வலப்பக்கமே போனோம். நனைந்து, நடுங்கி, கார்கள் நின்ற இடத்தை அடைந்தோம்.

மழை நின்றது. ஒரு காரின் பின்புறம் திறந்து, நாசி லெமாக் பொட்டலங்களை எடுத்தார்கள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, நெத்திலிச் சம்பல், ஒரு துண்டு வெள்ளரி. நான் பொட்டலத்தைப் பிரித்தேன். ஆனால் அத்தானைத் தேடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரது பழைய டாட்சன் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

“அத்தான் எங்கே?” என்று பாலனைக் கேட்டேன்.

“அண்ணனா? மொத ஆளா வந்திருப்பாரே.”

ஒருவரும் பார்க்கவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. அவருக்கு இனிப்புநீர் உண்டு, நண்பகல் சரியாக உண்ணவில்லை என்று நான் சொன்னபோது பாலன் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

கார்க்காரர்கள் எல்லாரும் ஏறி அமர்ந்து ஒலிப்பானை ஒருசேர அழுத்தினர். காட்டில் வழி தவறியவர் அவ்வொலியைப் பிடித்து வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பின்னர் எல்லாரும் ஒருசேர நிறுத்திவிட்டுச் செவி கொடுத்தனர். என் வாழ்நாளில் அத்தகைய அமைதியைக் கேட்டதில்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டியது. மீண்டும் ஒலித்தனர், மீண்டும் நிறுத்தினர். விடை இல்லை. நான் அக்காளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துள் அமைக்கத் தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் எழுவாயோடு நின்றுவிட்டது.

பாலனும் லிம்மும் நானும், வழி பிரிந்த புகைக்கூடத்துக்கு லிம்மின் சிறு லாரியில் தோட்டச் சாலை வழியே விரைந்தோம். ஏனையோர் தடத்தின் வழியே திரும்பித் தேடச் சென்றனர். புகைக்கூடத்தில் இறங்கியதும் பாலன் இடப்பக்கச் சாலையைக் கண்டு திகைத்தார்.

“இங்க ஏன் பேப்பர் கெடக்கு? நான் இந்தப் பக்கம் போடவே இல்லையே!”

சாலையோரம் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தன, மங்கிய மஞ்சள் நிறத் தாள்கள். சிறிது இடைவெளி விட்டு, மேலும் சில. லிம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்தார். நடுவில் பொன்னிறத் தகடு ஒரு சதுரமாக ஒட்டப்பட்டிருந்தது. அவர் முகம் மாறியது.

“இது நம்ம பேப்பர் இல்ல. இது சாவுப் பேப்பர். பொணம் போற வழியில நாங்க போடுவோம், ஆவிங்கள வழிவிடச் சொல்லி. மேல கல்லறைதான் இருக்கு. நேத்தோ முந்தாநேத்தோ ஒரு ஊர்வலம் போயிருக்கும், எனக்குத் தெரியாது.”

“ஐயோ” என்று பாலன் தலையில் கைவைத்தார். “வெள்ளப் பேப்பர் பத்தலன்னு நானும் பழைய மஞ்சப் பேப்பரத்தான் கிழிச்சுப் போட்டேன், அண்ணே. மழையில பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.”

அப்போதே எங்களுக்குப் புரிந்தது. அத்தான் வட்டத்திலிருந்து தனியே இடப்பக்கம் தேடிப் போயிருக்கிறார், காகிதத்தைக் கண்டிருக்கிறார், முறைப்படி கூவிக்கொண்டே முன்னே ஓடியிருக்கிறார். மழை அக்குரலை மூடிவிட்டது. மற்றவர் வலப்பக்கம் உண்மைத் தடத்தைக் கண்டு போய்விட்டனர்.

சாலை மேடாக ஏறியது. லாரி சேற்றில் வழுக்கி நின்றுவிட்டது. இறங்கி ஓடினோம். அந்த ஓட்டத்தைப் பற்றி நான் எழுதக்கூடியது மிகக் குறைவு: மூச்சு முட்டியது, பாலன் ஒவ்வொரு சில அடிக்கும் “அண்ணே! மாணிக்கண்ணே!” என்று அலறினார், நடப்பவன் என்று சொல்லிக்கொண்ட லிம் எங்கள் இருவருக்கும் முன்னே ஓடினார். ஒளி மங்கிக்கொண்டிருந்தது.

குன்றின் சரிவெங்கும் சீனக் கல்லறைகள். ஒவ்வொன்றும் சாய்ந்த நாற்காலியின் கைகளைப்போல் வளைந்த சுவருடையது. மேல்வரிசையில் ஒரு புதிய மண்மேடு. அதன்முன் தட்டில் ஆரஞ்சுப் பழங்கள், சிறு கோப்பைகள், அணைந்த ஊதுபத்திகள். பக்கத்துக் கல்லறையின் சுவர்மேல் அத்தான் அமர்ந்திருந்தார். மழை நின்ற பின்னும் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, கைகள் நடுங்கின, அருகே உரித்த ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

எங்களைக் கண்டதும் அவர் சொன்ன முதற்சொற்கள் இவை, மூவரும் கேட்டோம்:

“என்ன ஓட்டம்லா இது? பேப்பர் கெடக்குது, ஆன் ஆன்னு தொண்ட கிழியக் கத்துறேன், ஒருத்தனும் வரல!”

பாலன் அவர் காலடியில் அமர்ந்து தேம்பினார். லிம் தம் பையிலிருந்த இனிப்புப் பானத்தை அவர் வாயில் வைத்துக் குடிக்கச் செய்தார். நடுக்கம் மெல்லக் குறைந்தது.

“பழம் எப்படி வந்துச்சு, அண்ணே?” என்றார் லிம், மிகத் தாழ்ந்த குரலில்.

“ஒரு அம்மா உரிச்சுக் குடுத்துச்சு.”

“எந்த அம்மா?”

அத்தான் சுற்றிலும் பார்த்தார். அங்கே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. “இங்கதான் இருந்துச்சு,” என்றவர் ஆரஞ்சுத் தோலைப் பார்த்துவிட்டு, “இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்” என்றார்.

லிம் அந்த மேட்டை நோக்கிக் கைகூப்பி மும்முறை தாழ்ந்தார். பிறகு, எவரும் கேட்காமலே, லிம் பாலனிடம் சொன்னார்: “ஒண்ணும் தப்பில்ல. மொதல்ல செத்தவங்க சாப்புடுவாங்க, பொறவு இருக்குறவங்க சாப்புடலாம். வீணாப் போகக் கூடாதுல்ல.”

ஜாசினில் ஒரு மருத்துவர் அவரைப் பார்த்தார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததாகவும், ஏதோ இனிப்பு உள்ளே போனதால் தப்பினார் என்றும் எங்கள் எதிரிலேயே சொன்னார்.

வீட்டில் அக்காளிடம் நானே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை, “மொதல்ல என்ன சொன்னாரு?” என்று மட்டும் கேட்டாள். நான் அச்சொற்களை அப்படியே சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; சிரித்தவாறே தோளில் கிடந்த துண்டால் அத்தானை ஓங்கி ஓங்கி அடித்தாள்; பிறகுதான் அழுதாள். அழுகை ஓய்ந்ததும், “மத்தியானம் சோத்த மிச்சம் வச்சீங்கள்ல?” என்றாள். அத்தான் தலையசைத்தார்.

மறுநாள் ஞாயிறு. அக்காள் பசாரில் ஆரஞ்சுப் பழங்கள் வாங்கினாள். “எடுத்ததத் திருப்பி வைக்கணும். யாரா இருந்தா என்ன, அவங்க வீட்டுச் சாப்பாடு” என்றாள். லிம் துணைக்கு வந்தார், பாலனும் வந்தார். பகல் வெளிச்சத்தில் அக்குன்று அமைதியாகத்தான் இருந்தது. ஆயினும் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். முந்தின நாள் தனியே ஓடி ஏறிய மனிதர்; அன்று அவர் கை குளிர்ந்திருந்தது.

அக்காள் பழங்களைத் தட்டில் அடுக்கினாள். பிறகு தயங்கி, “சூடம் காட்டலாமா, லிம்? ஒண்ணும் தப்பில்லையே?” என்றாள்.

“காட்டுங்க அக்கா. நாங்களும் கொளுத்துறோம்தானே. நெருப்பு நெருப்புதான்.”

சூடம் எரிந்து முடியும்வரை நின்றோம். பின்னர் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலன் பக்கம் திரும்பினாள். “இவர நிறுத்தச் சொல்லித்தான் தம்பிய வரவச்சேன். நிறுத்த மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஓடட்டும். ஆனா இனிமே தனியா ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. யாராச்சும் ஒருத்தர் பக்கத்துலயே ஓடணும். வயிறு நெறையச் சாப்புட்டுட்டுத்தான் ஓடணும். நான் அளக்க மாட்டேன்.”

“என் வேகத்துக்கு எவன் வருவான்?” என்றார் அத்தான்.

“நான் வர்றேன் அண்ணே,” என்றார் லிம்.

“நீ நடக்குற ஆளுலா!”

“அப்போ நீங்களும் நடங்க.”

சவக்காட்டில் உரக்கச் சிரிப்பது முறையா என்று நான் அஞ்சினேன். மற்றவர் அஞ்சவில்லை.

இறுதியாக, அறியாதவற்றையும் முறையாகச் சொல்லிவிட வேண்டும். அத்தான் அந்த மேட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது தெரியாது. மழையில் அவருக்கு நேர உணர்வு இல்லை. பழத்தை ஒரு பெண்மணி உரித்துக் கொடுத்தாரா, நினைவு தடுமாறிய நிலையில் அவரே எடுத்து உண்டாரா என்பதும் தெரியாது; தட்டில் முன்பு எத்தனை பழங்கள் இருந்தன என்பதை எங்களுள் எவரும் அறியோம். அக்கம்பக்கத்தில் லிம் விசாரித்துப் பார்த்தார். அன்று மாலை அக்குன்றுக்குப் போனதாக ஒருவரும் சொல்லவில்லை. போகவில்லை என்றும் எவராலும் உறுதி கூற இயலவில்லை. அந்த மேட்டுக்கு இன்னும் கல் வைக்கப்படவில்லை. தலைமாட்டில் நட்டிருந்த பலகையில் ஒட்டிய தாளில் பெயர் எழுதப்பட்டிருந்தது. மழையில் மை கரைந்துவிட்டது. லிம் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றார். அது எவருடைய மேடு என்று அவர் விசாரித்தவர்களுக்கும் தெரியவில்லை. என் அக்காள் யாருக்குச் சூடம் காட்டினாள் என்பது எங்களுக்குத் தெரியாது.